ஒரு சதுர மீட்டர் யாருக்கு?

கணினிக்குள் காணி – 9

பட்டா மாறுதலில் இரண்டு வகை உண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். நிலம் முழுதாகக் கைமாறுவது ஒன்று, உட்பிரிவாகி மாறுவது மற்றொன்று. சிக்கல் இரண்டாவதில்தான். செஞ்சியை அடுத்த வல்லத்தில் 40 ஏர் நிலம், அதாவது 4,000 சதுர மீட்டர், மூன்று வாரிசுகளுக்குச் சமமாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 13.33 ஏர். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 39.99. ஒரு சதுர மீட்டரைக் காணோம். உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டினால் தாய்ப் புல எண்ணின் பரப்பு வந்தாக வேண்டும். மிச்சம் யார் பங்கில் சேரும் என்பதை நில அளவர் புலத்தில் நின்று தீர்த்துவிடுவார். கணினிக்கு நாம் சொல்லாவிட்டால், அது எண்ணைச் சுருக்கிப் பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட கணக்கைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைப்பதற்குப் பெயர் ஸ்டோர்டு ஃபங்ஷன். தாலுகா அலுவலகத் திரை, இ-சேவை மையம், கைபேசிச் செயலி என எந்த வாசலில் நுழைந்தாலும் விடை ஒரே இடத்திலிருந்து வரும். அதன் வலிமை அது, அபாயமும் அதுவே. ஒரு பிழை எல்லா வாசல்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்கிறது. ஆகவே, நிரலைப் பிரதான கிளையில் மெர்ஜ் செய்வதற்கு, அதாவது இணைப்பதற்கு, முன்பே ஃபங்ஷனை வடிவமைத்து, எழுத்தில் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

“பிழை வந்தால் பழைய நிரலுக்குத் திரும்பிவிடலாமே” என்பார்கள். நிரல் திரும்பும், அது எழுதிவிட்ட பதிவுகள் திரும்பா. கணினிக்கு முந்தைய சான்றே நம்மிடம் இருக்கிறது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது தவறிய பெயருக்கும் மாறிய பரப்புக்கும் இன்றும் மக்கள் திருத்த மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் ஏறிய பிழைக்கு ஆயுள் அவ்வளவு நீளம்.

ஃபங்ஷனை மாற்றுவதும் எளிதல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். இருக்கும் ஃபங்ஷனின் விடை வகையை மாற்ற அது விடாது. நீக்கிவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். அதை நம்பி ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) இருந்தால் நீக்கவும் மறுக்கும். உள்ளீடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் பழையது மாறாது. அதே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் பிறக்கும், பழைய அழைப்புகள் பழையதையே தொடும். ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடை என்று உறுதி கொடுத்து இண்டெக்ஸில் (தேடலை விரைவாக்கும் சுட்டியில்) பயன்படுத்திய ஃபங்ஷனை இடையில் திருத்தினால், அந்த இண்டெக்ஸில் பழைய விடைகளே கிடக்கும்; அதைப் புதிதாகக் கட்டும்வரை தேடல் தவறும்.

இன்னொரு மறுப்பு கனமானது: விதிகளைத் தரவுத்தளத்தில் வைக்காமல் செயலியிலேயே எழுதினால் சோதிப்பது எளிது, மாற்றுவதும் எளிது. ஒரே ஒரு செயலி மட்டும் தொடும் அட்டவணை என்றால் இது சரி. பல அலுவலகங்கள், பல மென்பொருட்கள் தொடும் நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகச் சுருக்கினால், ஒரே நிலத்துக்கு இரண்டு பரப்பு வரும்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்பது கடைசிக் கேள்வி. ஒரு பக்கத் தாள் போதும். உள்ளீடு என்ன, எந்த அலகில்? ஏரா, சென்டா? விடைக்கு எத்தனை தசம இடம்? மிச்சம் யாருக்கு? பரப்பு காலியாக இருந்தால் என்ன செய்வது? அத்துடன் கையால் கணக்கிட்ட மூன்று எடுத்துக்காட்டுகள். வல்லத்து 40 ஏர் அதில் முதலாவதாக இருக்கட்டும். அந்தத் தாளை நிரலருக்கு முன் நில அளவர் படிக்க வேண்டும், ஏனென்றால் மிச்சம் யாருக்கு என்பது நிரல் கேள்வி அல்ல, உரிமைக் கேள்வி. அவர் ஒப்பாத ஃபங்ஷனை மெர்ஜ் செய்யாதீர்கள்.