உயரம் அடங்கினால் கிழங்கு திரளும்

பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பச்சைமலை அடிவாரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க காட்டுல குச்சிக்கிழங்குக்கு யூரியா நிறையப் போட்டோம். செடி ஆள் உயரத்துக்கு மேல வளந்துச்சு. புடுங்கிப் பார்த்தா கிழங்கு விரல் பருமன்தான். வளர்ச்சி ஹார்மோன் பத்தலையா சார்?"

"அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அன்றிரவு படித்துப் பார்த்தபோதுதான் நான் சொன்னது நேர்மாறு என்று புரிந்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் மாணவர்கள் பலர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் நாம் சொல்லும் தவறு, அடுத்த பட்டத்தில் இன்னொரு மூட்டை யூரியாவாக வயலுக்குப் போகும்.

ஜிப்ரெல்லின் தண்டை நீளச் செய்யும் ஹார்மோன். 1926இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசவா, நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக்கும் பூஞ்சை நோயை ஆராய்ந்தபோது இதன் தடயம் கிடைத்தது. இதே ஜிப்ரெல்லின்தான் கிழங்கு உருவாவதற்குத் தடையாகவும் நிற்கிறது.

இது நன்கு ஆராயப்பட்டிருப்பது உருளைக்கிழங்கில். இரவு நீண்டு குளிரும்போது அதன் இலையில் ஒரு புரதம் உருவாகிறது. அது புளோயம் வழியாக, மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டின் நுனியை அடைகிறது. அங்கே ஜிப்ரெல்லினைச் செயலிழக்கச் செய்யும் நொதி கூடுகிறது. ஜிப்ரெல்லின் குறைந்ததும் நுனி நீள்வதை நிறுத்திப் பக்கவாட்டில் பருக்கிறது, மாவுச்சத்து சேர்கிறது. தழைச்சத்து மிகுந்தால் இந்தக் குறைவு தள்ளிப்போகும், கிழங்கும் தள்ளிப்போகும்.

உருளைக்கிழங்கு தண்டுக்கிழங்கு, மரவள்ளி வேர்க்கிழங்கு. குச்சி நட்டதும் முதலில் வருபவை நார்வேர்களே. இரண்டு மூன்று மாதங்களுக்குள் சில வேர்களில் மட்டும் கேம்பியம் வேகமாகப் பகுப்படைந்து, மாவுச்சத்தைச் சேமிக்கும் செல்களை உண்டாக்குகிறது. ஆக்சினும் சைட்டோகைனினும் இதற்குத் துணை. சர்க்கரைவள்ளியில் செய்த சோதனைகளில், ஜிப்ரெல்லின் கொடுக்கப்பட்ட வேர்கள் லிக்னின் படிந்து நாராகின, பருக்கவில்லை. தழைச்சத்து மிகுந்த மரவள்ளியிலோ, இலை தயாரிக்கும் சர்க்கரையைப் புதிய இலையும் தண்டுமே எடுத்துக்கொள்கின்றன. வேருக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

செட்டிக்குளம் பகுதியில் விளையும் சின்ன வெங்காயம் கிழங்கு அன்று. இலையடிகள் பருத்த குமிழம். அங்கும் ஜிப்ரெல்லின் தடை, எத்திலின் துணை. அரியலூர் பக்கத்து நிலக்கடலையோ மண்ணுக்குள் முதிரும் கனி. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் கிழங்கல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

வகுப்பில் மரவள்ளி, உருளை, சின்ன வெங்காயம் மூன்றையும் நறுக்கி அயோடின் கரைசலை விடுங்கள். முதல் இரண்டும் கருநீலமாகும், வெங்காயம் ஆகாது. அது மாவுச்சத்தாக அல்லாமல் சர்க்கரை வகைகளாகவே சேமிக்கிறது. பச்சை மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உள்ளதால் யாரும் சுவைக்க விடாதீர்கள்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கிப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். "அப்ப யூரியாவைக் குறைக்கச் சொல்லட்டுமா சார்?" என்றான் அவன்.

"முதலில் மண் பரிசோதனை செய்யச் சொல் தம்பி. தழைச்சத்து எவ்வளவு, சாம்பல் சத்து எவ்வளவு என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்" என்றேன்.