மஞ்சத்தில் மறைத்த கத்தி

வெயில் தாழ்ந்து, சுவாமிமலையின் நிழல் கீழைக்கடலின்மேல் நீண்டு விழுகின்ற மாலை வேளையிலே, திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையின் மணலில் அமர்ந்து, கடலையும் பாராமல், மடியிலிருந்த கச்சானையும் உடைக்க மறந்து, தலையணை பருமனான ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் முகம் புதைத்திருந்த என் மருமகளிடம், அதிலே அப்படி என்னதான் எழுதியிருக்கிறதென்று கேட்டேன்.

“தகப்பனைத் தூக்கில போட்டவங்களைப் பழிவாங்க ஒரு பெட்டை கொலைத்தொழில் படிக்கிறாள் மாமா. அதுக்கெண்டே ஒரு பள்ளிக்கூடம். நஞ்சு, மந்திரம், நிழலோட கதைக்கிறது எல்லாம் வருது,” என்றவள், சற்றுப் பொறுத்து, “தமிழில இப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?” என்றும் கேட்டாள்.

பாலப் பருவமும் கழியாத, முதுமையின் நிதானமும் வாராத இளவயதினருக்கென்று தனியாக எழுதப்படும் இத்தகைய மாயக்கதைகள் இன்று உலகெங்கும் பெருகியிருக்கின்றன. தாயையோ தந்தையையோ அநியாயமாக இழந்த பிள்ளை, மறைவில் வளர்ந்து, ஆயுத வித்தை பயின்று, பகைவர் பெயர்களை ஒவ்வொன்றாக நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டு புறப்படுவதே இவற்றிற்குப் பெரும்பாலும் பொதுவான அமைப்பு. ஆனால் இவ்வகைக் கதை ஆங்கிலத்திலே நேற்று முளைத்ததன்று; என் மருமகள் கேட்ட கேள்விக்கான விடையை, அவள் பிறந்த இதே ஊரைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி என்பவர் 1891ஆம் ஆண்டிலேயே “ஊசோன் பாலந்தை கதை” என்ற பெயரில் எழுதி வைத்துவிட்டார்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் “பிரதாப முதலியார் சரித்திரம்” வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளும், கண்டியில் வாழ்ந்த சித்திலெப்பையின் “அசன்பேயுடைய சரித்திரம்” வெளிவந்து ஆறு ஆண்டுகளுமே ஆகியிருந்த காலம் அது. ஈழத்து நாவல் வரலாற்றை எழுதுவோர் அசன்பேக்கு அடுத்தபடியாக வைத்துப் பேசும் இந்நூல், ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வழங்கிய ஓர் இரட்டைப் பிள்ளைகள் கதையின் தழுவலாகும். பிரெஞ்சு மொழியில் 1489இல் லியோன் நகரத்தில் அச்சேறிய அக்கதையிலே ஓர்சன், வலன்டைன் என்று வழங்கிய சகோதரர் இருவரும், தமிழ் நாவில் ஊசோன் என்றும் பாலந்தை என்றும் உருமாறிய விதமே, ஏட்டில் ஏறுமுன் ஒரு கதை எத்தனை வாய்களில் தேய்ந்து மெருகேறுகிறது என்பதற்குப் போதிய சாட்சியாகும்.

மூலக்கதையின் போக்கை இங்கே சுருக்கிச் சொல்லலாம். பிரான்சு மன்னன் பெப்பினின் தங்கை பெலிசான்ட், கொன்ஸ்தாந்திநோப்பிள் சக்கரவர்த்திக்கு மனைவியானவள், தன் ஆசைக்கு இணங்காத கோபத்தால் ஒரு தலைமைக் குரு சுமத்திய அபாண்டப் பழியினால் கணவனாலேயே துரத்தப்பட்டு, காட்டிலே இரட்டை ஆண்மகவு ஈன்றாள். ஒன்றைத் தாய்க்கரடி தூக்கிச் சென்று தன் குட்டிகளோடு வளர்த்தது. மற்றதைத் தற்செயலாக அவ்வழி வந்த பெப்பின், தன் மருமகன் என்று அறியாமலேயே அரண்மனையில் வளர்த்தான். ஒருவன் மொழியறியாக் காட்டு மனிதன், மற்றவன் வாளேந்திய வீரன். பிரதேசத்தையே நடுங்கச் செய்த அக்காட்டு மனிதனைப் பிடித்து வருவதாக வஞ்சினம் கூறிச் சென்றவன் வலன்டைனே ஆதலால், உடன்பிறந்தார் இருவரும் முதன்முதலாக ஒருவரையொருவர் தொட்டது கொலைவெறிப் போரிலேதான். பின்னர்ப் பறக்கும் மரக்குதிரையுடைய குள்ளனும், அரக்கனது கோட்டையும், உண்மை பேசும் பித்தளைத் தலையும் கதையிலே வருகின்றன. அந்தத் தலையே இருவரின் பிறப்பையும் வெளியிட்டு, ஓர்சனின் நாவுக்கடியிலுள்ள நரம்பை அறுத்தால் அவனுக்குப் பேச்சு வரும் என்றும் சொல்கிறது.

இதிலே என் மனத்தைவிட்டு அகலாத காட்சி ஒன்றுண்டு. பெப்பினின் முறையிலாப் புதல்வர் இருவர் அரசைக் கவரும் பேராசையால் ஒருவனை ஏவி, கூரிய கத்தியுடன் மன்னனின் பள்ளியறைக்குள் அனுப்புகின்றனர். இருளிலே ஒளிந்திருந்து, காவலர் அகன்றபின் மஞ்சத்தை அணுகியவனுக்கு, ஓங்கிய கை இறங்கவில்லை. அச்சம் மேலிட்டு, கத்தியை அந்த மஞ்சத்திலேயே மறைத்துவிட்டுத் திரும்புகிறான். ஆயினும் சூழ்ச்சிக்காரர் அதனையும் வீணாக்காமல், மன்னனைக் கொல்ல ஓர்சன் சதிசெய்தான், சான்று மஞ்சத்திலே இருக்கிறது என்று மறுநாள் குற்றஞ்சாட்டுகின்றனர். இரத்தம் ஒரு சொட்டும் சிந்தாத கத்தி, சிந்திய கத்தியைக் காட்டிலும் பெரிய கொலையைச் செய்யப் பார்க்கிறது! பேசத் தெரியாதவனாய் வளர்ந்த ஓர்சன் வாட்போரினாலேதான் தன் நிரபராதத்தை நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

கொலையும் பழியும் நிறைந்த கதைகளை இளைஞர் படிக்கலாமா என்று கவலைப்படும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கவனிக்க வேண்டியது, கத்தி எத்தனை முறை ஓங்கப்படுகிறது என்பதன்று. ஓங்கியவன் தன் எதிரே நிற்பவன் யாரென்று அறிவானா என்பதே. பழிவாங்கும் கதையின் உயிர் வாளிலே இல்லை, அடையாளம் அறிதலிலே இருக்கிறது. குழந்தையாக இருக்கையிலேயே கடத்தப்பட்டுப் பிறந்த குடியறியாமல் வளரும் அசன்பேயின் சரித்திரமும் இதே அச்சிலேதான் சுழல்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய “பொன்னியின் செல்வ”னில், தன் பிறப்பு இன்னதென்று தெளியாத நந்தினி, பாண்டியரின் மீன் பொறித்த வாள் ஒன்றைப் பூசித்துக் காத்திருக்கிறாள். ஆதித்த கரிகாலன் வீழ்ந்தபோதோ, அவனைக் குத்திய கை எவருடையதென்று ஆசிரியர் ஐயத்திலேயே நம்மை விட்டுவிடுகிறார். சரித்திரம் அவ்வாறு விடவில்லை: உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டிலே, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டி, அவர்களோடு உறவினரின் சொத்தும் பறிமுதலானதைக் கூறுகிறது.

அந்தப் பாண்டிய மீன் எங்கள் ஊருக்கும் அந்நியமன்று. கோணேசரைத் தரிசிக்கப் பிரெட்றிக் கோட்டை வாயிலால் நுழைகிறவர்கள், புள்ளிமான்களைப் பார்க்கும் அவசரத்தில் கவனியாது போகும் கதவுநிலைக் கல்லிலே, இணைக்கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே, பறங்கியர் வந்து திருப்பணியைப் பிரிப்பார்கள் என்று வருவதுரைக்கும் பழைய தமிழ் எழுத்துக்களும் உள்ளன. கோயிலை இடித்த பறங்கியர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியதால், அழிவை முன்னுரைத்த கல்லே அழித்தவர்களின் வாசலுக்குக் காவல் நிற்க நேர்ந்தது. இதைவிட அமைதியான பழிவாங்கலை எந்த நாவலாசிரியன் கற்பனை செய்வான்? இவ்வூரிலேயே பிறந்த த. சரவணமுத்துப்பிள்ளை, ஊசோன் பாலந்தைக்கு நான்காண்டுகள் கழித்து, தஞ்சை, திருச்சி நாயக்கர்களின் பகையையும் காதலையும் வைத்து “மோகனாங்கி” என்ற வரலாற்று நாவலை இயற்றியதும், இத்தகைய கற்களிடையே வளர்ந்தவருக்கு இயல்பானதே.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மருமகள், “கடைசியில அந்த வலன்டைனுக்கு என்ன நடந்தது மாமா?” என்றாள்.

பகைவரின் கவசம் பூண்டு போர்க்களத்திற்கு வந்த தன் தந்தையை, இன்னாரென்று அறியாமல் அவனே ஈட்டியால் குத்திக் கொன்றான் என்றேன். அந்தப் பாவத்திற்குக் கழுவாயாக, ஏழாண்டுகள் வாய் பேசாத விரதம் பூண்டு, தன் மாளிகைப் படிக்கட்டின் அடியிலேயே, மனைவிக்கும் தெரியாமல், எச்சில் உண்டு கிடந்து மாண்டான் என்றும் சொன்னேன்.

“வீட்டுக்காரருக்கும் ஆளைத் தெரியேல்லையோ?”

“தெரியேல்லை.”

நெடுநேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. கோணேசர் கோயிலின் மாலைப் பூசை மணி ஒலித்தபோது, கச்சான் கோது ஒன்றைப் பக்க அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

“இவள் தேடுற ஆள் ஆரெண்டு இன்னும் வரேல்லை மாமா,” என்றாள், இப்போது சற்றே பயந்தவள்போல.