செல்வ அணியும் எளிய அணியும்

விளையாட்டுக் களத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நாம் நம்புகிறோம். இரு பக்கத்தார்க்கும் களம் ஒன்று, பந்து ஒன்று, விதியும் ஒன்று. ஆயினும் களத்திற்கு வெளியே உள்ள கருவூலங்கள் ஒத்தவை அல்லவே! ஓர் அணியின் கருவூலம் நிறைந்தும், மற்றோர் அணியின் கருவூலம் குறைந்தும் இருக்குமானால், ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று கொள்ளலாமா? இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்கு இவ்வாட்டத்தை விளக்குதல் எளிது. மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஓடுகிறார். புறப்பட்ட இடத்திற்கே மீண்டு வந்தால் ஓர் ஓட்டம். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை ஆடும் வாய்ப்பு உண்டு. ஒரு முறைக்கு மூவர் ஆட்டமிழந்தால் அம்முறை முடிந்தது. ஆகவே ஓர் அணியின் கையிருப்பு 27 ஆட்டமிழப்புகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் பயன்படும்.

அமெரிக்கப் பெருங்குழுப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. ஓர் அணியின் வருவாயில் பெரும்பகுதி அதன் சொந்த ஊரிலிருந்தே கிடைக்கிறது. நுழைவுச் சீட்டும், உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தமுமே அதன் ஊற்றுகள். நியூயார்க் போன்ற மாநகரின் அணிக்கும், கன்சாஸ் சிட்டி போன்ற நடுத்தர நகரின் அணிக்கும் இவ்வூற்று ஒரே அளவில் சுரக்குமா? பழங்காலத்தில் ஆட்டக்காரர் ஓர் அணியில் சேர்ந்தால் அதற்கே கட்டுப்பட்டவர். 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பு அக்கட்டை அறுத்தது. அதன்பின் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, பெருங்குழுவில் ஆறாண்டு ஆடியவர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லலாம். உழைப்பாளிக்கு இது நியாயமே. ஆனால் எளிய அணிக்கு நேர்ந்தது என்ன? கன்றை நட்டு நீர் ஊற்றுவது அதன் வேலை. கனி பறிப்பது செல்வரின் வேலை என்றாயிற்று.

கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகரின் அத்லெட்டிக்ஸ் அணி 2001-ஆம் ஆண்டின் முடிவில் இந்நிலையில்தான் நின்றது. அதன் தலைசிறந்த மட்டையாளர் ஜேசன் ஜியாம்பியை நியூயார்க் யாங்கீஸ் அணி ஏழாண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. ஓக்லண்ட் அணியோ 2002-இல் தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்துச் செலவிட்ட ஊதியமே ஏறத்தாழ 4 கோடி டாலர்தான். யாங்கீஸ் அணி செலவிட்டது அதைப்போல் மும்மடங்கு. ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் ஆகிய இருவரும் அதே வேளையில் வேறு அணிகளுக்குச் சென்றனர்.

அணியின் பொது நிர்வாகி பில்லி பீன் என்பவர். செல்வர் வாங்கும் பொருளைச் செல்வரோடு போட்டியிட்டு வாங்க இயலாது என்பதை அவர் உணர்ந்தார். பிறர் மதிக்கத் தவறிய பொருள் யாது என்று தேடினார். அத்தேடலுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தவர் அவர். ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்து 1977-இல் தாமே ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். நூறு படிகள்கூட விலைபோகவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் அழியவில்லை.

அவரும் அவரைப் போன்றோரும் கண்ட உண்மை எளியது. 27 ஆட்டமிழப்புகளே ஓர் அணியின் செல்வம். ஆகவே ஆட்டமிழக்காமல் தளத்தை அடைபவரே அணிக்கு வேண்டியவர். பந்தெறிபவர் நான்கு பந்துகளை உரிய எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்திற்குச் செல்லலாம். பழைய கணக்கு அடித்தவரைப் போற்றியது. பொறுமையாய் நின்று இவ்வாறு தளம் சேர்ந்தவரைப் பெரிதாக மதிக்கவில்லை. சந்தையில் அடிக்கு விலை அதிகம். பொறுமைக்கு விலை குறைவு. ஓக்லண்ட் அணி பொறுமையை வாங்கிற்று.

ஸ்காட் ஹாட்டபெர்க் என்பவர் மட்டையாளருக்குப் பின்னிருந்து பந்து பிடிப்பவர். முழங்கையின் நரம்பு கெட்டமையால் அவரால் முன்போல் பந்தை எறிய இயலவில்லை. அவர் வாழ்வு முடிந்தது என்றே பலர் கருதினர். ஆனால் அவர் கண் பழுதுபடவில்லையே! தகாத பந்தைத் தொடாத அடக்கம் அவரிடம் இருந்தது. பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த ஊதியத்தில் அவரை அமர்த்தி, முதல் தளக் காவலுக்குப் பழக்கினர்.

2002-இல் ஓக்லண்ட் அணி 162 ஆட்டங்களில் 103 வென்றது. யாங்கீஸ் அணி வென்றதும் அதே 103 ஆட்டங்களே. இடையில் தொடர்ந்து 20 வெற்றிகள். செப்டம்பர் 4-ஆம் நாள், அந்த இருபதாம் ஆட்டத்தில் 11-0 என்று முந்தியிருந்த ஓக்லண்ட், எதிரி 11-11 என்று சமன் செய்யும் அளவிற்குத் தளர்ந்தது. கடைசி முறையில் மாற்று ஆட்டக்காரராக வந்து, பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி வெற்றி தேடித் தந்தவர் யார் தெரியுமா? கை கெட்ட அந்த ஹாட்டபெர்க்கேதான்.

கதையை இங்கே முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுதும் ஆகாது. அவ்வணியின் வெற்றிக்குக் கணக்கு மட்டும் காரணம் அன்று. அவ்வாண்டில் சிறந்த பந்தெறிபவர் பரிசு பெற்ற பாரி ஜீட்டோவும், மிகச் சிறந்த ஆட்டக்காரர் பரிசு பெற்ற மிகெல் தெஹாடாவும் ஓக்லண்ட் அணியே வளர்த்த இளைஞர்கள், ஆறாண்டு நிறையாதவர்கள். ஆகவே அவர்களுடைய ஆற்றலுக்குரிய முழு விலையை அணி கொடுக்க நேரவில்லை. இளைஞரைத் தேர்ந்து வளர்த்தலே எளியவரின் முதல் வழி. மதிப்பறியாப் பொருளை வாங்குதல் இரண்டாம் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் ஓக்லண்ட் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குள் நுழைந்தது. நான்கிலும் முதற்சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் தோற்றது. 162 ஆட்டங்களில் நற்பேறும் தீப்பேறும் சமன்படும். ஐந்து ஆட்டங்களில் அவை சமன்படா.

அறிவு பூட்டிவைக்கத்தக்க பொருளும் அன்று. செல்வ அணியான பாஸ்டன் 2002-இன் இறுதியில் பில் ஜேம்ஸையே பணியில் அமர்த்திக்கொண்டது. 2004-இல், 86 ஆண்டுகளுக்குப் பின், உலகத் தொடரை வென்றது. பொறுமையின் விலையும் சந்தையில் ஏறிற்று. ஆகவே எளிய அணி ஒருமுறை கண்டுபிடித்தால் போதாது. ஓயாமல் கண்டுபிடிக்க வேண்டும். புளோரிடாவின் டாம்பா பே அணி அவ்வாறு செய்தது. விலை உயர்ந்த ஆட்டக்காரரை அவர் பிரியும் முன்பே மாற்றி, பதிலுக்கு இளைஞர் பலரைப் பெற்றது. 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடர் வரை சென்றது. இரு முறையும் தோற்றது.

விதிகளும் ஓரளவு துணை நிற்கின்றன. தோற்ற அணி இளைஞரைத் தேர்வதில் முந்திக்கொள்ளும் முறை 1965-இல் தொடங்கியது. வருவாயைப் பகிரும் முறையும், வரம்பு மீறிச் செலவிடுவோர்க்கு வரியும் 1990-களில் வந்தன. பகிர்ந்து பெற்ற பணத்தைச் சில உரிமையாளர் அணிக்குச் செலவிடுவதில்லை என்ற குறையும் உண்டு. 2018-இல் ஆட்டக்காரர் சங்கம் நான்கு அணிகள்மீது இம்முறையீட்டை எழுப்பியது.

ஓக்லண்டின் முடிவு என்ன? புதிய அரங்கு அமைக்கும் முயற்சிகள் ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் போக, 2024 செப்டம்பர் 26-ஆம் நாள் அவ்வணி அந்நகரில் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. அன்று அரங்கு நிறைந்திருந்தது; வென்றும் மக்கள் கண்ணீரோடு கலைந்தனர். 1968 முதல் அந்நகரின் பெயரைத் தாங்கிய அணி அது. கூர்மதி 103 ஆட்டங்களை வென்று தந்தது. ஓர் அரங்கை எழுப்பித் தரவில்லை.

ஆதலால் நான் காணும் விடை இதுதான். பணமே முடிவை எழுதிவிடுகிறது என்பது பொய். மதி ஒன்றே போதும் என்பதும் பொய். எளியவன் கூர்ந்து நோக்கினால் செல்வனை எதிர்த்து நிற்கலாம். நெடுநாள் நிற்க வேண்டுமானால், நேர்மையான விதியும், தன் ஊரை மறவாத உரிமையாளரும் அவனுக்கு வேண்டும்.