உஷார்! விசாரிக்கும் முன்பே மனசு தீர்ப்பு எழுதிவிடும்

வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ வருகிறது. பார்த்த மாத்திரத்தில் ரத்தம் கொதிக்கிறது. 'இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது' என்று விரல் ஃபார்வர்டுக்குப் போகிறது. நிறுத்துங்கள்! உங்கள் கொதிப்பு எதற்கும் சாட்சி ஆகாது.

சரி, தப்பு என்ற தீர்ப்பை முதலில் சொல்வது உள்ளுணர்வு. அறிவு பெரும்பாலும் பின்னால் வந்து அதற்காக வாதாடும் வக்கீல். அமெரிக்க உளவியலாளர் ஜானதன் ஹைட் 2001-இல் முன்வைத்த கருத்து இது.

தாலியா வீட்லி என்ற ஆய்வாளரும் ஹைட்டும் 2005-இல் வெளியிட்ட சோதனை திகைக்க வைக்கும். சிலரை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, ஒரு சாதாரண வார்த்தையைப் படித்தாலே குமட்டும்படி செய்தார்கள். பிறகு படிக்கச் சில கதைகள். அவற்றில் ஒன்றில் டான் என்ற மாணவர் பேரவைப் பிரதிநிதி, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பிடித்த தலைப்புகளை விவாதத்துக்குத் தேர்ந்தெடுக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த வார்த்தை அதில் இருந்தபோது, சிலருக்கு டான் தப்பானவனாகவே தெரிந்தான். காரணம் கேட்டால், அவனிடம் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்ற ரீதியில் பதில்!

சோதனையில் வந்த டான் வெறும் கதாபாத்திரம். போளூரில் நடந்தது கதையல்ல. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்ஆப் வதந்தி பரவியிருந்த நேரம். கூட்டம் சேர்ந்தது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். பயங்கரமே அதுதான்.

அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் வரம்பு வைத்தது. உங்கள் கோபத்துக்கு வரம்பு வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எங்கே, எப்போது எடுத்த வீடியோ? எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? இதையே என் அண்ணன் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வருமா? கேளுங்கள்.

தனியாக யோசித்து மட்டும் தப்பிவிட முடியாது. உள்ளே இருக்கும் வக்கீல் உங்கள் பக்கமே பேசுவார். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். குடும்ப குரூப்பில் எல்லோரும் கொதிக்கும்போது, 'இது உண்மைதானா, சித்தப்பா?' என்று ஒருவராவது கேட்டே ஆக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.