சமிக்ஞையை முடித்துவைக்கும் சிறு புரதம்

குருநகர் இறங்குதுறைக்கு வந்த படகில் இஞ்சினை நிறுத்தினால் போதும். மறுநாள் தொழிலுக்கும் அதே இஞ்சின்தான். நம் உடலின் கலம் அப்படிச் செய்வதில்லை. வாயின் உட்படையிலுள்ள கலங்களின் மென்சவ்வில், வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் வாங்கிகள் இருக்கின்றன. காரணி ஒட்டியதும், பிரிந்து பெருகும்படி வாங்கி உள்ளே சமிக்ஞை அனுப்பும். அதை முடித்துவைக்க, சிபிஎல் என்ற புரதம் வாங்கியின் உட்பகுதியில் யூபிகுயிட்டினை ஒட்டச் செய்கிறது. யூபிகுயிட்டின் 76 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அந்த அடையாளம் விழுந்த வாங்கி உள்ளிழுக்கப்பட்டு இலைசோசோமில் செரிக்கப்படுகிறது.

பாடுபட்டு ஆக்கிய வாங்கியை ஏன் அழிக்க வேண்டும், தூண்டப்பட்டபோது அதில் ஏறிய பொஸ்பேற்றை நீக்கினாலே அடங்கிவிடாதா என்று கேட்கலாம். பொஸ்பேற்றை நீக்கும் நொதியங்களும் கலத்தில் உண்டு. ஆனால் காரணியைப் பிடித்தபடி இருக்கும் வாங்கி மறுபடியும் தூண்டப்படும். உள்ளே இழுத்த பின்னும், சிறு பைக்குள் இருந்தே சமிக்ஞையைத் தொடரும். கலம் கண்மூடித்தனமாக அழிப்பதுமில்லை. காரணி குறைவாயிருந்தால் பெரும்பாலான வாங்கிகள் மேற்பரப்புக்குத் திரும்பிவிடும். மிகுந்தால்தான் அழிவு கூடும். இந்த அழிப்பு எவ்வளவு தேவையானது என்பதற்கு வலுவான சான்று எலிகளிடமிருந்து கிடைத்தது. எலிகளில் நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசில், வெட்டுண்ட சிபிஎல் மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புரதம் வாங்கியைப் பற்றிக்கொள்ளும், ஆனால் யூபிகுயிட்டினை ஒட்டாது. முழுமையான சிபிஎல்லுக்கும் இடம் விடாது. முழுமையான சிபிஎல்லின் வேலை அடையாளம் இடுவதே என்பது 1999இல் தெளிவானபோது, அந்த வைரசின் கொடுமையும் விளங்கியது. யூபிகுயிட்டின் வழியான புரத அழிவைக் கண்டறிந்த சிக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதால், இது நமக்கு வெறும் பாடப்புத்தக விடயமல்ல. அந்தக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் இதே வாங்கி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அத்தனைக்கும் அடையாளமிட்டு அழிக்க, கலத்தின் ஏற்பாடு ஈடுகொடுக்காது. அப்படியானால் இந்தப் புற்றுநோயைத் தரும் வெற்றிலைத் தட்டம் நேரே யூபிகுயிட்டினைத் தாக்குகிறதா? அவ்வாறு சொல்வது தவறு. பாக்கும் புகையிலையும் பல வழிகளில் மரபணுக்களைச் சிதைக்கின்றன. வாங்கியின் பெருக்கம் அவற்றின் விளைவுகளில் ஒன்று. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு தீர்த்துச் சொல்லியது. ஆகவே புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்வது காப்பாகாது. வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால், நோகவில்லையே என்று காத்திராமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள்.