பெற்ற இரட்சிப்பு கைவிட்டுப் போகுமா?

கோலசிலாங்கூர் தொடங்கி சபாக் பெர்ணம் வரை உள்ள தோட்டப்புறங்களில், கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு மெதுவாக ஒரு கேள்வி வெளியே வரும். இறந்தவர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். ஞாயிறு பள்ளிக்குப் போனவர். வாலிப வயதில் கூட்டத்தில் எழுந்து நின்று, இயேசு தம்மை இரட்சித்தார் என்று சாட்சி சொன்னவர். பிறகு, ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று ஆலயம் போவது குறைந்தது. சம்சு பழகியது. கடைசிப் பத்து ஆண்டுகள் வேதத்தைத் திறக்கவே இல்லை. அப்படியே போய்விட்டார். அவருடைய ஆத்துமா இப்போது எங்கே? கேட்பவர் பெரும்பாலும் தாயாகவே இருப்பார்.

பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவர், "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவரே, கவலைப்படாதீர்கள் அம்மா" என்பார். இன்னொருவர், "பின்வாங்கிப் போனவருக்கு ஏது இரட்சிப்பு?" என்பார். மூன்றாமவரோ, "அவர் உண்மையில் இரட்சிக்கப்படவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்தான்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. புரொட்டஸ்டன்ட் சபைகள் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர்கள் மீட்பு என்கிறார்கள். பாவத்திலிருந்தும் நித்திய மரணத்திலிருந்தும் கிறிஸ்து விடுவிக்கிறார் என்பதே இரண்டுக்கும் பொருள். இது செத்த பிறகு மட்டும் கிடைப்பது அல்ல, இந்த வாழ்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இருபது வயதில் பெற்ற ஒன்றை அறுபது வயது வரை காப்பாற்றி வைத்திருப்பது யார் பொறுப்பு? பெற்றவருடையதா, கொடுத்தவருடையதா?

தமிழர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. வைணவத்தில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவுகள் ஏற்பட்டபோது ஏறக்குறைய இதே விவாதம் நடந்தது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பிடி விட்டால் விழும். பூனைக் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. தாய்ப்பூனையே கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழி வந்தவர்கள் குரங்கைச் சொன்னார்கள், பிள்ளை லோகாசாரியர் வழி வந்தவர்கள் பூனையைச் சொன்னார்கள். ருடால்ஃப் ஆட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த விவாதத்தைப் படித்து வியந்து, கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார்.

திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்த இரண்டு உலகங்களையும் அறிந்தவர். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவர், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைத் தந்தார். பனியனோ தேவன் தெரிந்துகொண்டவர்கள் விழுந்துபோக மாட்டார்கள் என்ற கட்சியைச் சேர்ந்தவர். ஆனாலும் அவர் கதையின் கடைசிப் பக்கத்தில், வானகரத்தின் வாசல் வரை வந்துவிட்ட ஒருவன் அங்கிருந்தே நரகத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறான்! பூனைக் கட்சிக்காரர்களுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கிறது.

சபைகள் எங்கே பிரிந்தன?

ஐரோப்பாவில் இந்த வழக்கு நீதிமன்றம் போலவே நடந்தது. நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்ற இறையியலாளர் 1609இல் காலமானார். அடுத்த ஆண்டே அவருடைய மாணவர்கள் ஐந்து கருத்துகளை எழுதிக் கொடுத்தார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதற்கு மட்டும் அவர்கள் அப்போது முடிவு சொல்லவில்லை. வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நிதானம் நீடிக்கவில்லை. 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய பேரவை அவர்களைக் கண்டித்தது; தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே முடிவு வரை காப்பார் என்று தீர்மானித்தது. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் இந்த வழியில் வருகின்றன. பாப்டிஸ்டுகளில் பெரும்பாலோரும் பிரதரன் சபையாரும் இந்த ஒரு கருத்தில் அவர்களோடு நிற்கிறார்கள்.

சிலாங்கூர் தோட்டத் தமிழர்களுக்குச் சமயம் கொண்டு வந்தவர்களோ பெரும்பாலும் மறுபக்கத்தைச் சேர்ந்தவர்கள். பிரெஞ்சு குருமார்கள் வழி வந்த கத்தோலிக்கத் திருச்சபை, சாவான பாவம் அருள்நிலையை அழித்துவிடும், ஒப்புரவு அருட்சாதனம் அதை மீட்டுத் தரும் என்று 1547இலேயே திரிதெந்து சங்கத்தில் அறிவித்துவிட்டது. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியம் ஜான் வெஸ்லியின் வழி. கிருபையைப் பெற்றவர் அதை விட்டு விலகவும் முடியும், மறுபடி எழுந்திருக்கவும் முடியும் என்பது அந்தச் சபையின் கொள்கைப் பிரமாணத்திலேயே உள்ளது. 1907இல் தமிழ்நாட்டிலிருந்து போதகர் வந்து தொடங்கிய லுத்தரன் சபையும், 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கைப்படி, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கக்கூடும் என்றே போதிக்கிறது. பின்னால் வந்த அசெம்பிளிஸ் ஆஃப் காட் முதலான பெந்தெகொஸ்தே சபைகளும் அப்படித்தான்.

தோட்டத்தில் ஒரே ஒரு சிற்றாலயம் இருந்த காலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியாமல் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆள் தேவை குறைந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். கடைவீட்டு மாடிகளில் சபைகள் முளைத்தன. இப்போது அண்ணன் ஒரு சபை, தங்கை ஒரு சபை, அம்மா பழைய சபை. ஒரே சாவுக்கு மூன்று பதில் வருவதில் வியப்பு என்ன?

ஒட்டுக்கன்று சொல்லும் பாடம்

எச்சரிக்கை வசனங்களில் தோட்டத்து மக்களுக்கு எளிதில் புரியக்கூடியது ரோமர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம். ஒலிவ மரத்திலிருந்து சில கிளைகள் முறிக்கப்பட்டன, காட்டு ஒலிவக் கிளைகள் அந்த இடத்தில் ஒட்டவைக்கப்பட்டன, ஒட்டப்பட்டவர்கள் மேட்டிமை கொள்ள வேண்டாம், அவர்களும் வெட்டப்படக்கூடும் என்று பவுல் எழுதுகிறார்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. அதனால் இன்றைய இளையோருக்குச் செம்பனை மட்டுமே தெரியும். பால்வெட்டுக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஒட்டுக்கட்டுவது எப்படி என்று சொல்வார்கள். விதையில் முளைத்த கன்றின் பட்டையை உரித்து, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை அதில் பதித்து இறுகக் கட்டுவார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் பிடிக்கவில்லை. அப்போதும் கன்றைப் பிடுங்கி எறிவதில்லை. மறுபக்கத்துப் பட்டையில் இன்னொரு முறை ஒட்டிப் பார்ப்பார்கள். (பவுல் சொல்லும் ஒட்டு இதற்குத் தலைகீழ்: நல்ல மரத்தில் காட்டுக் கிளை. அது இயற்கைக்கு மாறானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.)

இந்த அதிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் அடுத்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முறிக்கப்பட்ட கிளைகளையும் மறுபடி ஒட்டவைக்க தேவனால் முடியும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. டோர்ட் வழி வந்தவர்களுக்கும் இங்கே ஒரு நியாயம் உண்டு. பவுல் இங்கே பேசுவது இஸ்ரவேலரையும் பிற இனத்தாரையும் பற்றி, தனி மனிதரின் ஆத்துமாவைப் பற்றி அல்ல என்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது.

எபிரெயர் 6ஆம் அதிகாரம் இதைவிடக் கடினம். பரலோக ஈவை ருசிபார்த்த பிறகு மறுதலித்துப் போனவர்களை மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்ற கருத்து அங்கே வருகிறது. எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்த பகுதி இது. ஆனால் அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? துன்பத்தைத் தாங்க முடியாமல் விசுவாசத்தை விட்டுவிடலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த, உயிரோடு இருந்த மக்களுக்கு. சில வரிகளிலேயே எழுதியவர் குரலைத் தணித்து, உங்கள் விஷயத்தில் நல்லதையே நம்புகிறோம் என்ற பொருளில் பேசுகிறார். அது ஒரு கூப்பாடு. பள்ளத்தின் ஓரத்தில் நிற்பவனைப் பார்த்துப் போடும் கூப்பாடு. செத்துப்போனவர் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல.

இனி அந்த மூன்றாவது பதில்: "அவர் இரட்சிக்கப்படவே இல்லை." யோவானின் முதல் நிருபத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. சரித்திரத்திலும் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை. ஏட்டில் ஆயிரக்கணக்கான பெயர்கள் ஏறின. 1795-96இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும், பெரும்பாலோர் தங்கள் பழைய சைவத்துக்கே வெளிப்படையாகத் திரும்பினார்கள். இவர்கள் இரட்சிப்பை இழந்தார்களா? உத்தியோகத்துக்காகத் தண்ணீர் வாங்கியவர்கள் எதைப் பெற்றார்கள், இழப்பதற்கு? இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒல்லாந்தர் சபைதான் டோர்ட் பேரவையின் சபை.

ஆனால் யாழ்ப்பாணத்து ஏட்டுக்குப் பொருந்துவதைத் தோட்டத்து மகனுக்கும் பொருத்துவது அவசரம். அவன் எந்த உத்தியோகத்துக்காகவும் சாட்சி சொல்லவில்லை. கண்ணீரோடு சொன்னான், தாய் பார்த்தாள். அது பொய் என்றால், இன்று கண்ணீரோடு சாட்சி சொல்பவர் தம்முடையது மட்டும் மெய் என்று எப்படி அறிவார்? நிச்சயத்தைக் கொடுப்பதற்காக ஏற்பட்ட போதனை, இப்படிப் பயன்படுத்தினால் எல்லாருடைய நிச்சயத்தையும் பறித்துவிடுகிறது.

டோர்ட் பேரவையே இவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. உண்மையான விசுவாசிகளும் பெரும் பாவங்களில் விழக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999 அக்டோபர் 31ஆம் நாள் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, தன் பலவீனத்தைப் பார்த்துப் பயப்படுகிறவரும் தேவன் தன்னை மீட்கவே விரும்புகிறார் என்று நம்பலாம் என்ற கருத்தைத் தருகிறது. அதில் மெதடிஸ்ட் சபைகள் 2006இலும், டோர்ட் வழி வந்த சீர்திருத்தச் சபைகள் 2017இலும் இணைந்தன. மேலே நானூறு ஆண்டுச் சண்டை தணிந்துகொண்டிருக்கிறது. செய்திதான் இன்னும் கடைவீட்டு மாடிக்கு ஏறவில்லை.

உண்மையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவர், "எனக்குத்தான் இரட்சிப்பு இருக்கிறதே" என்று சொல்லி, மனைவியை அடித்து, வட்டிக்கு விட்டு, ஞாயிறு முன்வரிசையில் உட்காருகிறவர். எச்சரிக்கை வசனங்கள் அவருக்கு எழுதப்பட்டவை. மற்றவர், இரவெல்லாம் விழித்திருக்கும் அந்தத் தாய். வாக்குத்தத்த வசனங்கள் அவருக்கு உரியவை. தோட்டப்புறத்துப் பிரசங்கங்களில் இது அடிக்கடி இடம் மாறிப்போகிறது. முன்வரிசைக்கு ஆறுதல், தாய்க்கு எபிரெயர் 6!

மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தாயின் பாரம் இன்னும் கூடும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தையே மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. புரொட்டஸ்டன்ட் தாய்க்குக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்கும் வழக்கம்கூட இல்லை. அவருக்கு இருப்பது போதகர் சொல்லும் வார்த்தை மட்டுமே. அதனால்தான் அந்த வார்த்தை முக்கியமாகிறது.

இப்படி ஒரு நிலைமையைச் சபை கி.பி. 250இல் சந்தித்தது. ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து நீங்கியதும் அழுதுகொண்டு ஆலய வாசலுக்கு வந்தார்கள். சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று ரோமில் நோவேஷியன் என்ற குரு பிடிவாதமாக நின்று தனிச் சபையே கண்டார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், மனம் வருந்தும் காலம் ஒன்றை விதித்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த துன்புறுத்தல் வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்தக் காலக்கெடுவையும் ஆயர்கள் நீக்கிவிட்டார்கள். நாளை கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று கேட்கப்போகிறவனுக்கு இன்று கிறிஸ்துவின் பாத்திரத்தை மறுப்பது எப்படி என்பது சிப்ரியானின் வாதம். விழுந்தவர்கள் வரிசையில் நின்று நற்கருணை வாங்கினார்கள். சிப்ரியான் 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.