கடகடவென்று படிக்கிறான், கதை கேட்டால் முழிக்கிறான்!

"தெருவுக்கே கேட்கிற மாதிரி படிக்கிறான் சார். 'என்னடா படிச்சே?'ன்னு கேட்டா மட்டும் பேந்தப் பேந்த முழிக்கிறான்!"

3-ம் வகுப்பு, 4-ம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது.

தமிழில் இது சுலபமாக நடந்துவிடும். எழுத்துகள் பிடிபட்டுவிட்டால், அர்த்தம் தெரியாத வார்த்தையைக்கூடப் பையன் வாசித்துவிடுவான். கேட்கிற அப்பாவும் "நல்லாத்தானே படிக்கிறான்" என்று சும்மா இருந்துவிடுவார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கஷ்டம் வேறு. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் வார்த்தை மறந்துவிடும்.

குட்டு வெளிப்படும் இடம்

குட்டு வெளிப்படுவது கணக்கில்தான். "கண்ணனிடம் 12 கோலி. அது முருகனிடம் இருப்பதைவிட 3 அதிகம். முருகனிடம் எத்தனை?"

'அதிகம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பையன் கூட்டி, 15 என்று எழுதிவிடுவான். சரியான விடை 9. அவனுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கவும் தெரியும். வாக்கியம்தான் புரியவில்லை!

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததில் நிலைமை மோசமானது. 2022-ல் நடந்த 'ஏசர்' கணக்கெடுப்பில், தமிழகக் கிராமப்புற 5-ம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேரால்தான் 2-ம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை அரசு தொடங்கியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பத்து நிமிஷம் போதும். டியூஷன் தேவையில்லை.

* படிக்கும் முன் தலைப்பையும் படத்தையும் காட்டி, "இது என்ன கதையா இருக்கும்?" என்று கேளுங்கள்.

* பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும், சொல்லு?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள். தான் சொன்னது சரிதானா என்று பார்க்கவே மேலே படிப்பான்.

* பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். "வடையைத் தூக்கியது யார்?" என்றால் பதில் கதையிலேயே இருக்கிறது. "நரி ஏன் காக்காவைப் பாடச் சொன்னது?" என்றால் யோசிக்க வேண்டும். இந்த இரண்டாவது மாதிரிக் கேள்விதான் முக்கியம்.

* தெரியாத வார்த்தை வந்தால் உடனே அர்த்தம் சொல்லாதீர்கள். முன்வரியையும் பின்வரியையும் படித்து, அவனே ஊகிக்கட்டும்.

* முடித்ததும் கதையைச் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். "காக்கா ஏமாந்துடுச்சு" என்றாலே போதும். இலக்கணம் பார்க்க வேண்டாம்.

* கதையின் ஐந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லலாம். வகுப்பில் வாத்தியாரும் செய்யலாம்.

கடை போர்டும் பாடம்தான்!

புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற கடை போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். "ஒண்ணு மட்டும் வாங்கினா இலவசம் உண்டா?" என்று கேளுங்கள். இந்தப் பேப்பரில் ஒரு சின்னச் செய்தியைக் கொடுத்து, யார், எங்கே, ஏன் என்று கேட்டாலும் சரி.

6-ம் வகுப்புக்குப் போனால் அறிவியல், வரலாறு எல்லாமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவை. அங்கே தடுமாறுகிற பிள்ளைக்கு 'மக்கு' என்ற பட்டம் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற முன்பே பெற்றோர் விழித்துக்கொள்வது நல்லது!